மோட்டார் தானாக நின்றால் கோளாறு கரண்டிலா, தண்ணீரிலா?

கோடையில் சொட்டுநீர்ப் பாசனத்தில் உள்ள தக்காளிக்கு நாலு நாள் தண்ணீர் தவறினால் பூ உதிரும். வாழைக்குத் தவறினால் குலை சிறுத்துப் போகும். பம்ப்செட் தகராறு செய்வதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான். பச்சைப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடுகிறது. பத்து அல்லது பதினைந்து நிமிடத்தில் தானாக நின்றுவிடுகிறது. மறுபடி போட்டால் மறுபடி நிற்கிறது.

இந்த நிலையில் விவசாயிகள் பலரும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலேயின் முள்ளைக் கூட்டி வைத்துவிடுகிறார்கள் அல்லது ஸ்டார்ட்டர் விடுபடாமல் இருக்கக் குச்சியைச் சொருகி வைக்கிறார்கள். சிலர் ஆள் வைத்து, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து குழாய்களைக் கழற்றி மோட்டாரை மேலே தூக்கி, வைண்டிங் கடைக்குக் கொண்டு போகிறார்கள். முதல் வழியில் நல்ல மோட்டார் எரிந்து போகிறது. இரண்டாவது வழியில், கோளாறு ஸ்டார்ட்டரில் உள்ள ஒரு தளர்ந்த திருகாக இருந்தாலும், மோட்டாரைத் தூக்கி இறக்கும் கூலி வீணாகிறது. இடையில் பயிரும் வாடுகிறது.

ஸ்டார்ட்டர் தானாக விடுபடுவது நோய் அல்ல, நோயின் அறிகுறி. காய்ச்சல் கண்டவனுக்கு என்ன காரணம் என்று பார்ப்பதுபோல, ஸ்டார்ட்டர் ஏன் விட்டது என்று முறையாகப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் மோட்டாரைத் தூக்காமலே கோளாறு இருக்கும் இடத்தைப் பெரும்பாலும் கண்டுவிடலாம்.

முதலில் உயிர்

மும்முனை மின்சாரம் 415 வோல்ட். ஈரமான தரையில் நிற்பவருக்கு இது உயிரைப் பறிக்கும். ஆகவே விவசாயி செய்யக்கூடியது எது, வயர்மேன் செய்ய வேண்டியது எது என்ற எல்லையை மறக்கக்கூடாது. மீட்டர்களைப் பார்த்துக் குறித்துக் கொள்வது, அறிகுறிகளைக் கவனிப்பது, மெயின் சுவிட்சை நிறுத்திப் பியூஸ்களைப் பிடுங்கிக் கையோடு வைத்துக்கொண்ட பிறகு பெட்டியைத் திறந்து கண்ணால் பார்ப்பது ஆகியவை விவசாயி செய்யக்கூடியவை. மின்சாரம் உள்ளபோது பெட்டிக்குள் அளப்பதும், ஒயர்களை மாற்றிக் கட்டுவதும் பயிற்சி பெற்ற வயர்மேன் வேலை. மீட்டருக்கு முன்னால் உள்ளவை மின்வாரியத்தைச் சேர்ந்தவை, அவற்றைத் தொடக்கூடாது.

கரண்டு வந்ததும் தானாக மோட்டாரைப் போடும் ஆட்டோ சுவிட்சும், வீட்டிலிருந்தே மோட்டாரைப் போடும் செல்போன் ஸ்டார்ட்டரும் இன்று பல தோட்டங்களில் உள்ளன. இவை உள்ள இடத்தில் மோட்டார் எந்த நிமிடத்திலும் ஓடத் தொடங்கலாம். எனவே சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பியூஸையும் பிடுங்க வேண்டும். கப்பாசிட்டர் பொருத்தியிருந்தால், நிறுத்திய பிறகும் அதில் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். ஐந்து நிமிடமாவது கழித்தே பெட்டியைத் திறக்க வேண்டும்.

ஸ்டார்ட்டர் வேலை செய்யும் விதம்

கோளாறு காண வேண்டுமானால் ஸ்டார்ட்டர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 5 குதிரைத்திறன் மோட்டார்களுக்குப் பெரும்பாலும் நேரடி ஸ்டார்ட்டர்தான் இருக்கும். அதற்குள் இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று பெரிய பாதை. மூன்று பேஸ்களும் மூன்று கான்டாக்டுகள் வழியாகவும் ஓவர்லோடு ரிலே வழியாகவும் மோட்டாருக்குப் போகின்றன.

மற்றொன்று சிறிய பாதை. இது ஒரு பேஸில் தொடங்கி, சிவப்புப் பொத்தான், ரிலேயின் சிறு கான்டாக்ட், பச்சைப் பொத்தான் ஆகியவற்றைக் கடந்து, நோவோல்ட் காயில் வழியாக இன்னொரு பேஸில் முடிகிறது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் காயில் காந்தமாகிப் பெரிய கான்டாக்டுகளை இழுத்துச் சேர்க்கிறது. அப்போது பக்கத்தில் உள்ள ஒரு சிறு கான்டாக்டும் சேர்ந்து கொள்கிறது. கையை எடுத்த பிறகும் காயிலுக்கு மின்சாரம் தருவது இந்தப் பிடிப்புக் கான்டாக்ட்தான். சிறிய பாதையில் எந்த ஓர் இடத்தில் தொடர்பு விட்டாலும் மோட்டார் நின்றுவிடும்.

சொட்டுநீர் அமைப்பில் தண்ணீர் அழுத்தத்தைக் கவனிக்கும் பிரஷர் சுவிட்ச் இருந்தால், அதுவும் இந்தச் சிறிய பாதையில்தான் சேர்க்கப்பட்டிருக்கும். கிணற்றில் தண்ணீர் வற்றியோ குழாய் உடைந்தோ அழுத்தம் இறங்கினால், அது பாதையைத் துண்டித்து மோட்டாரை நிறுத்தும். ஆக, மோட்டார் நிற்பதற்கு மின்சாரமும் காரணமாகலாம், தண்ணீரும் காரணமாகலாம்.

இங்கே ஒரு முக்கியமான செய்தி உண்டு. காயில் இரண்டு பேஸ்களில் மட்டுமே சேர்ந்திருக்கிறது. அந்த இரண்டில் ஒன்று போனால் காயில் விட்டுவிடும். மோட்டார் நின்று தப்பித்துக்கொள்ளும். ஆனால் மூன்றாவது பேஸ் போனால் காயிலுக்கு அது தெரியாது. ஸ்டார்ட்டர் பிடித்தபடியே இருக்கும். மோட்டார் மீதி இரண்டு பேஸ்களில் அதிக ஆம்பியர் இழுத்துச் சூடேறும். அப்போது மோட்டாரைக் காப்பாற்ற இருப்பது ஓவர்லோடு ரிலே ஒன்றுதான். அதைக் கூட்டி வைத்திருப்பவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. பேஸ் போனால் நிறுத்தும் தடுப்புக் கருவியைத் தனியாகப் பொருத்திக்கொள்வது மிகவும் நல்லது.

முதல் கேள்வி: ரிலே விட்டதா?

மோட்டார் தானாக நின்றதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. ரிலே கையால் மீட்டெடுக்கும் நிலையில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். பல ஸ்டார்ட்டர்களில் சிவப்புப் பொத்தானே ரிலேயை மீட்கும் பொத்தானாகவும் இருக்கிறது. மோட்டார் நின்றதும் எதையும் தொடாமல் பச்சைப் பொத்தானை ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும்.

உடனே ஸ்டார்ட்டர் பிடித்தால், ரிலே விடவில்லை என்று பொருள். மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்ததால் நிற்கவில்லை. சிறிய பாதையில் எங்கோ தொடர்பு விட்டுப் போயிருக்கிறது அல்லது கரண்டு ஒரு நொடி போய் வந்திருக்கிறது. பச்சைப் பொத்தானுக்குப் பிடிக்காமல், சிவப்புப் பொத்தானை அழுத்தியபோது 'டக்' என்ற ஓசை கேட்டு, அதன் பிறகே பிடித்தால், ரிலே விட்டிருக்கிறது. அதாவது ரிலே வழியாக அதிக ஆம்பியர் போயிருக்கிறது அல்லது ரிலேயே சூடேறியிருக்கிறது.

இந்த ஒரு கேள்வியில் பாதிக் கோளாறுகள் ஒதுங்கிவிடும். ரிலே விடாதபோது மோட்டாரைத் தூக்குவதில் அர்த்தமே இல்லை.

ரிலே விட்டிருந்தால் உடனே மீண்டும் போடக்கூடாது. தொடங்கும்போது மோட்டார் தன் வழக்கமான ஆம்பியரைப் போல ஆறு மடங்கு வரை இழுக்கும். சூடான மோட்டாரை அடுத்தடுத்துப் போட்டால் அந்தச் சூடே வைண்டிங்கைக் கெடுத்துவிடும். கால் மணி நேரமாவது ஆறவிட வேண்டும்.

ரிலே விடாமல் நின்றால்

பச்சைப் பொத்தானை அழுத்தினால் அசைவே இல்லை என்றால் பியூஸ், மூன்று பேஸ்களின் வரத்து, சிவப்புப் பொத்தான் உள்ளே மாட்டிக்கொண்டிருப்பது, பிரஷர் சுவிட்ச், காயில் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

அழுத்தும் வரை ஓடி, கையை எடுத்ததும் நின்றால் காயில் நன்றாக இருக்கிறது. குற்றம் பிடிப்புக் கான்டாக்டில் இருக்கிறது. அதில் தூசி அடைந்திருக்கும் அல்லது அதற்குப் போகும் ஒயர் தளர்ந்திருக்கும். ஆனால் பிரஷர் சுவிட்ச் உள்ள தோட்டத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மோட்டார் தொடங்கும்போது குழாயில் அழுத்தம் இருக்காது. அதனால் பல இடங்களில் பிரஷர் சுவிட்சைப் பிடிப்புக் கான்டாக்டோடு தொடராகச் சேர்த்திருப்பார்கள். அங்கே அழுத்தம் ஏறும் வரை பச்சைப் பொத்தானைப் பிடித்திருக்க வேண்டும். முன்கூட்டியே கையை எடுத்தால் நிற்பது கோளாறு அல்ல.

காயில் 'கர்ர்' என்று இரைந்து கான்டாக்டுகள் அடித்துக் கொண்டால் வோல்டேஜ் குறைவு ஒரு காரணம். காந்த முகங்களில் தூசியும் துருவும் படிந்திருப்பது மற்றொரு காரணம். இப்படி அடித்துக் கொள்ளும் கான்டாக்டுகள் பொறி பறந்து பொசுங்கும். அந்த நிலையில் மோட்டாரை ஓட்டக்கூடாது.

காயில் சந்தேகமாக இருந்தால், மின்சாரத்தை முழுவதும் நிறுத்தி, ஒரு முனையின் ஒயரைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரின் ஓம் நிலையில் அளக்கலாம். முள் அசையவே இல்லை என்றால் காயில் அறுந்திருக்கிறது. அதே வகைப் புதுக் காயிலைவிட மிகக் குறைந்த ஓம் காட்டினால் உள்ளே சுற்றுகள் ஒட்டிக் கொண்டிருக்கின்றன. இரண்டுக்கும் மருந்து காயிலை மாற்றுவதுதான். ஸ்டார்ட்டர் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை.

பிரஷர் சுவிட்சைச் சோதிப்பது

அழுத்தம் குறைந்தால் நிறுத்தும் வகைச் சுவிட்சில், அழுத்தம் இல்லாதபோது தொடர்பு விட்டிருக்கும். அழுத்தம் ஏறியதும் சேரும். இந்தச் சுவிட்சுக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு சிறு துளையோ மெல்லிய குழாயோ இருக்கும். உப்புத் தண்ணீர் உள்ள கிணறுகளில் அதில் உப்புப் படியும். மணல் வரும் கிணறுகளில் மணல் அடைக்கும். குழாயில் நல்ல அழுத்தம் இருந்தும் சுவிட்சுக்கு அது எட்டாது. மோட்டார் காரணமின்றி நிற்பதுபோலத் தோன்றும்.

பக்கத்தில் உள்ள பிரஷர் கேஜைப் பார்த்தால் உண்மை விளங்கும். மோட்டார் நிற்கும் கணத்தில் கேஜ் முள் வழக்கமான இடத்திலேயே இருந்தால் குற்றம் சுவிட்சிலோ அதன் ஒயரிலோ இருக்கிறது. முள் முதலில் இறங்கி, அதன் பிறகு மோட்டார் நின்றால், சுவிட்ச் தன் கடமையைச் செய்திருக்கிறது. குற்றம் தண்ணீர்ப் பக்கம் இருக்கிறது.

சுவிட்சை நேராகவும் சோதிக்கலாம். மோட்டாரை நிறுத்தி, உடனே வால்வை அடைத்தால், குழாயில் அழுத்தம் சிறிது நேரம் தங்கும். மெயினை நிறுத்திப் பியூஸைப் பிடுங்கி, சுவிட்சின் இரண்டு ஒயர்களையும் கழற்றி, ஓம் நிலையில் அளக்க வேண்டும். அழுத்தம் உள்ளபோது தொடர்பு காட்ட வேண்டும். வால்வைத் திறந்து அழுத்தத்தை விட்டதும் தொடர்பு அறுபட வேண்டும். இரண்டும் சரியாக நடந்தால் சுவிட்ச் நல்லது. ஒயரைப் பார்க்க வேண்டும். வெயிலில் வெடித்த ஒயரும், எலி கடித்த ஒயரும், மண்ணில் புதைந்து ஈரம் ஏறிய முடிச்சும்தான் பல இடங்களில் உண்மைக் குற்றவாளிகள்.

அவசரத்துக்கு என்று பிரஷர் சுவிட்சின் ஒயர்களை ஒன்றாக முறுக்கிவிட்டு அப்படியே மறந்துவிடுவது உண்டு. ஒருநாள் கிணறு வற்றும்போது மோட்டார் தண்ணீர் இன்றி ஓடும். நீர்மூழ்கி மோட்டாருக்குக் குளிர்ச்சி தருவதே அதைச் சுற்றியுள்ள தண்ணீர். அது இல்லாவிட்டால் பேரிங்கும் வைண்டிங்கும் விரைவில் கெட்டுப் போகும்.

ரிலே விட்டிருந்தால்

இப்போது வோல்டேஜ், ஆம்பியர், தண்ணீர் அழுத்தம் ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். ஆம்பியரை அளக்க வயர்மேனிடம் உள்ள டாங் டெஸ்டர் போதும். அதன் வாயில் ஒரு நேரத்தில் ஓர் ஒயரை மட்டும் விட வேண்டும். மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் ஒன்றும் காட்டாது.

மோட்டாரின் தகட்டில் எழுதியுள்ள ஆம்பியரே அளவுகோல். தகடு அழிந்திருந்தால், 415 வோல்ட்டில் ஒரு குதிரைத்திறனுக்குச் சுமார் ஒன்றரை ஆம்பியர் என்று கணக்கிடலாம். 5 குதிரைத்திறனுக்குச் சுமார் ஏழரை ஆம்பியர். நீர்மூழ்கி மோட்டார்கள் சற்றுக் கூடுதலாக இழுக்கும்.

மூன்று ஆம்பியரும் சமமாக, ஆனால் அதிகமாக இருந்து, வோல்டேஜ் குறைவாக இருந்தால் குற்றம் வரத்தில். அதே வேலையைச் செய்ய மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கிறது. வோல்டேஜ் 350-க்குக் கீழே இருக்கும்போது மோட்டாரைப் போடாமல் காத்திருப்பதே லாபம்.

மூன்றும் சமமாக அதிகம், வோல்டேஜ் சரி, ஆனால் தண்ணீர் அழுத்தம் வழக்கத்தைவிடக் குறைவு என்றால், குழாய் எங்கோ உடைந்திருக்கலாம் அல்லது ஒரே நேரத்தில் பல வால்வுகள் திறந்திருக்கலாம். இது பலருக்கு வியப்பாக இருக்கும். சாதாரண பம்புகளில் தடை குறைந்தால் தண்ணீர் அதிகமாகப் போகும். அதனால் மோட்டாருக்குச் சுமை கூடும். வால்வைச் சற்று அடைத்துப் பார்த்தால் ஆம்பியர் இறங்கும். மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன் வயலைச் சுற்றி வந்து குழாயைப் பார்க்க வேண்டும்.

மூன்றும் சமமாக அதிகம், வோல்டேஜும் அழுத்தமும் சரி என்றால், பேரிங் இறுகியிருக்கலாம், மணல் சிக்கியிருக்கலாம், மேலே உள்ள பம்பாக இருந்தால் கிளாண்டு கயிற்றை அதிகமாக இறுக்கியிருக்கலாம்.

ஆம்பியர் குறைவு, அழுத்தமும் குறைவு, கேஜ் முள்ளும் ஆடுகிறது என்றால் பம்பு காற்றை இழுக்கிறது. கிணற்றில் தண்ணீர் இறங்கியிருக்கும் அல்லது அடிவால்வு ஒழுகும். ஆம்பியர் குறைந்து, வடிகட்டிக்கு முன்னால் உள்ள கேஜில் அழுத்தம் கூடி, பின்னால் உள்ள கேஜில் குறைந்தால் வடிகட்டி அடைத்திருக்கிறது. இரண்டு கேஜுகளுக்கும் நடுவே அரைக் கிலோ வேறுபாடு வந்தாலே வடிகட்டியைக் கழுவ வேண்டும். இந்த இரண்டிலும் ரிலே விடாது. ஆனால் பயிருக்குத் தண்ணீர் போகாது.

லைனில் வேலை நடந்த பிறகு திடீரென்று அழுத்தம் குறைந்தால் பேஸ் மாறி மோட்டார் எதிர்ப்புறமாகச் சுற்றக்கூடும். ஏதேனும் இரண்டு ஒயர்களை இடம் மாற்றினால் சரியாகும்.

ஆம்பியர் சமமாக இல்லாவிட்டால்

மூன்று ஆம்பியரும் ஒன்றுக்கொன்று வேறுபட்டால் அது மின்கோளாறுதான். எடுத்துக்காட்டாக, 8, 8, 11 என்று இருந்தால் சராசரி 9. அதிக வேறுபாடு 2. அது 22 சதவீதம். 10 சதவீதத்துக்கு மேல் போனால் காரணம் காணாமல் ஓட்டக்கூடாது.

வோல்டேஜில் உள்ள சிறு வேறுபாடு ஆம்பியரில் பல மடங்காகத் தெரியும். மூன்று பேஸ்களுக்கு இடையே 410, 400, 375 வோல்ட் என்றால் சராசரி 395. அதிக வேறுபாடு 20. அதாவது 5 சதவீதம். மூன்றரை சதவீத வேறுபாடே மோட்டாரின் சூட்டைச் சுமார் கால் பங்கு கூட்டிவிடும் என்றால் 5 சதவீதம் என்ன செய்யும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

குற்றம் வரத்திலா, மோட்டாரிலா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. இதை வயர்மேனைக் கொண்டு செய்ய வேண்டும். ஸ்டார்ட்டரில் சிவப்பு, மஞ்சள், நீல பேஸ்களில் மோட்டாரின் 1, 2, 3 ஒயர்கள் முறையே உள்ளன என்று கொள்வோம். நீலத்தில் 11 ஆம்பியர் காட்டுகிறது. மின்சாரத்தை நிறுத்தி, 1-ஐ மஞ்சளுக்கும், 2-ஐ நீலத்துக்கும், 3-ஐ சிவப்புக்கும் மாற்ற வேண்டும். இப்படி மூன்றையும் ஒருசேர நகர்த்தினால் மோட்டார் சுற்றும் திசை மாறாது. இப்போதும் நீலத்தில்தான் 11 என்றால் குற்றம் வரத்திலோ, பியூஸிலோ, ஸ்டார்ட்டர் கான்டாக்டிலோ இருக்கிறது. அதிக ஆம்பியர் 3-ஆம் ஒயரோடு சிவப்புக்கு வந்துவிட்டால் குற்றம் கேபிளிலோ மோட்டாரிலோ இருக்கிறது. மோட்டாரைத் தூக்கலாமா, வேண்டாமா என்பதை இந்தச் சோதனையே சொல்லிவிடும்.

தூக்குவதற்கு முன், கிணற்று மேட்டில் உள்ள கேபிள் முடிச்சை அவிழ்த்து, மோட்டார்ப் பக்கம் உள்ள மூன்று ஒயர்களுக்கு இடையே ஓம் அளக்க வேண்டும். மூன்று அளவுகளும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு 500 வோல்ட் மெகரால் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்க வேண்டும். ஒரு மெகாஓமுக்குக் கீழே இருந்தால் கேபிளோ வைண்டிங்கோ ஈரம் கண்டிருக்கிறது. அப்போது தூக்குவதுதான் வழி. பல நேரங்களில் நைந்து போன முடிச்சை வெட்டிப் புதிதாகப் போட்டதுமே அளவு சரியாகிவிடும்.

மூன்று ஆம்பியரும் சரியாக இருந்தும் ரிலே விடுகிறது என்றால் ரிலேயையே பார்க்க வேண்டும். ரிலே சூட்டினால் வேலை செய்வது. அதில் ஒயர் சேரும் திருகு தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடேறி, அந்தச் சூட்டிலேயே ரிலே விடும். அந்த ஒயரின் மேலுறை கறுத்தோ உருகியோ இருக்கும். ஸ்டார்ட்டர் பெட்டி மேற்கு வெயிலில் இருந்தாலும் இப்படி நடக்கும். திருகை இறுக்கி, பெட்டியை நிழலுக்கு மாற்றினால் போதும். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே உட்புற இணைப்பில் இருந்தால், தகட்டு ஆம்பியரை 0.58-ஆல் பெருக்கி அந்த அளவில் வைக்க வேண்டும். முழு அளவில் வைத்தால் பாதுகாப்பு இராது.

ஏமாற்றும் டெஸ்டர்

மூன்று பியூஸிலும் டெஸ்டர் எரிகிறது, எனவே மூன்று பேஸும் இருக்கிறது என்று முடிவு கட்டுவது பெருந்தவறு. மோட்டார் இணைப்பில் இருக்கும்போது, பியூஸ் போன பேஸிலும் வைண்டிங் வழியாகத் திரும்பி வரும் மின்சாரம் டெஸ்டரை எரியச் செய்யும். மோட்டாரை நிறுத்திவிட்டு, பேஸுக்கும் பேஸுக்கும் இடையே வோல்ட் மீட்டரால் மூன்று அளவுகள் எடுப்பதே சரியான முறை.

பியூஸில் கைக்குக் கிடைத்த தடித்த கம்பியைக் கட்டுவதும் தவறு. ஒரு பியூஸில் தடித்த கம்பியும் மற்றொன்றில் மெல்லிய கம்பியும் இருந்தால், மெல்லியது முதலில் போய் மோட்டார் இரண்டு பேஸில் மாட்டிக் கொள்ளும். மூன்றிலும் ஒரே அளவுக் கம்பி இருக்க வேண்டும்.

கான்டாக்டுகள் பொசுங்கியிருந்தால் முரட்டு அரத்தால் ராவக்கூடாது. மேலுள்ள வெள்ளிப் பூச்சு போய்விடும். மூன்றையும் ஒரு செட்டாக மாற்ற வேண்டும். பெட்டிக்குள் பல்லி, எறும்பு, குளவிக்கூடு ஆகியவற்றால் வரும் கோளாறுகளும் குறைவல்ல. ஒயர் நுழையும் துளைகளை ரப்பர் வளையத்தால் அடைத்து, மாதம் ஒரு முறை மின்சாரத்தை நிறுத்திப் பெட்டியைத் துடைப்பது நல்லது.

சுவரில் ஒரு கணக்கு

இத்தனை சோதனைகளுக்கும் அடிப்படை, 'வழக்கமான அளவு' என்ன என்று தெரிந்திருப்பது. மோட்டார் நலமாக ஓடும் ஒரு நாளில் வயர்மேனை அழைத்து, மூன்று வோல்டேஜ், மூன்று ஆம்பியர், வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தம், எந்த வால்வு திறந்திருந்தது, கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் இருந்தது ஆகியவற்றைத் தேதியோடு மோட்டார் அறைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை எழுதினால் போதும். கோளாறு வந்த நாளில் புதிய அளவைப் பழைய அளவோடு ஒப்பிட்டால், எது மாறியிருக்கிறது என்பது எழுத்துப் படிக்கத் தெரிந்த எவருக்கும் விளங்கும். டாங் டெஸ்டரைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கி வைத்துக்கொண்டால் வயர்மேன் வந்ததும் வேலை நடக்கும்.

மோட்டார் நின்றால் முதலில் ரிலே விட்டதா என்று பார்க்க வேண்டும். விடவில்லை என்றால் சிறிய பாதையையும் பிரஷர் சுவிட்சையும் தேட வேண்டும். விட்டிருந்தால் வோல்டேஜ், ஆம்பியர், அழுத்தம் மூன்றையும் சுவரில் உள்ள கணக்கோடு ஒப்பிட வேண்டும். மெகரும் மோட்டாரே கெட்டது என்று சொன்ன பிறகே குழாயைக் கழற்ற ஆள் தேட வேண்டும். எந்த நிலையிலும் ரிலேயைக் கூட்டி வைக்கவோ குச்சி சொருகவோ கூடாது. இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தால் வீண் செலவு குறையும்; மோட்டாரும் பல காலம் உழைக்கும்; வாடவிருந்த பயிருக்கும் காலத்தில் தண்ணீர் பாயும்.